இருபத்தேழாம் இருக்கையின் கீழே

3714ஆம் இலக்கப் பெட்டி ஐம்பது வருடம் லண்டன் மண்ணுக்கடியில் ஓடியபோது அதை ஒருவரும் மதிக்கவில்லை. அது ஓடாமல் நின்ற அன்று மதிக்க ஆரம்பித்தார்கள். மதிப்பதற்கென்றே ஒரு சபையும் இருந்தது. பெயர், சுரங்க ஊர்திகள் மரபுரிமை மன்றம். நாற்பத்தொரு பேர் அங்கே சம்பளம் எடுத்தார்கள். அந்த நாற்பத்தொரு பேரில் ஒரு ஆணியைக் கழற்றத் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை.

பெட்டியை மன்றம் பொறுப்பேற்கும் விழா டிப்போவில் காலை பதினொரு மணிக்கு நடந்தது. தலைவர் ஹார்க்கோட் ஏறி நின்று பேசினார். உயரமான மனிதர், கழுத்தில் ரயில் பாதை படம் போட்ட பட்டுத்துணி.

"இது வெறும் பெட்டி அல்ல. ஐம்பது வருட உழைப்பின் சாட்சி. உழைத்தவர்கள் யார் என்பது முக்கியமல்ல. உழைப்பு நடந்திருக்கிறது என்பதுதான் முக்கியம்."

கைதட்டினார்கள். கடைசி வரிசையில் நின்ற எமில்டாவும் தட்டினாள். அந்தப் பெட்டியை இருபத்திரண்டு வருடமாகக் கூட்டித் துடைத்தவள் அவள்தான். மன்னார்க்காரி, வயது ஐம்பத்தெட்டு, வால்தம்ஸ்டோவில் மகள் பெனிற்றாவோடு இருக்கிறாள். முந்தின நாள் முழங்கால் நோவையும் பாராமல் குந்தியிருந்து பெட்டியை மினுக்கி வைத்திருந்தாள். பெரிய ஆட்கள் வரும் இடம் அழுக்காக இருக்கக் கூடாது என்பது அவளுடைய எண்ணம். அது பிழையான எண்ணம் என்று சீக்கிரமே தெரிந்தது.

ஹார்க்கோட் ஒரு ஜன்னல் விளிம்பை விரலால் தடவினார். விரலைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"தூசி எங்கே?"

மேற்பார்வையாளன் எமில்டாவை முன்னால் தள்ளிவிட்டான். "நேற்று நான் துடைத்தேன், ஐயா" என்றாள் பெருமையாக. (எமில்டாவின் ஆங்கிலத்தையும் மன்றத்தின் ஆங்கிலத்தையும் தமிழிலேயே தருகிறேன். அவளுடையதை மாற்றுவது சுலபமாக இருந்தது. அவர்களுடையதற்கு முதலில் அர்த்தம் தேட வேண்டியிருந்தது.)

"அம்மா, நீங்கள் ஐம்பது வருடச் சான்றை அழித்துவிட்டீர்கள்" என்றார் ஹார்க்கோட். அவருடைய கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

அன்று பிற்பகலே அவசரக் கூட்டம் கூடித் தீர்மானம் எடுத்தார்கள். பக்கத்துப் பாதையில் நின்ற இன்னொரு பெட்டியின் தூசியை உறிஞ்சி எடுத்து, வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு பேர் 3714இன் ஜன்னல் விளிம்புகளில் சீராகத் தூவினார்கள். தூவியதை இன்னொருவர் படம் எடுத்தார். இனிமேல் இந்தப் பெட்டியில் துணி படக் கூடாது என்று வாசலில் அறிவித்தல் ஒட்டினார்கள். எமில்டா தூரத்தில் நின்று வாளியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

வயிறு எரிய வேறு காரணமும் இருந்தது. பழைய ரயில்கள் போய்ப் புது ரயில்கள் வருகின்றன. புது ரயில்களைத் துடைக்க ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று கதை அடிபட்டது. குறைக்கும்போது முதலில் யாரைக் குறைப்பார்கள் என்று கேட்கத் தேவையில்லை. அந்த நேரத்தில்தான் மன்றம் ஒரு வேலைக்கு விளம்பரம் போட்டது. பெட்டிக் காப்பாளர். பகல் வேலை, திங்கள் முதல் வெள்ளி வரை, நிரந்தரம்.

விளம்பரத்தைக் கொண்டு வந்தவர் ஜம்புநாதன். பிரேக் பகுதியில் முப்பது வருடம் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து மனுஷன், கிங்ஸ்பரியில் இருந்து வருகிறவர்.

"பிள்ளை, இது உனக்கெண்டே செய்த வேலை. வாசிச்சுப் பார். பெட்டியோட இருபது வருஷத்துக்குக் குறையாத நெருக்கமான தொடர்பு இருக்க வேணுமாம்."

"அண்ணை, உந்தப் பெரிய இடத்தில என்னை எடுப்பாங்களோ?"

"உன்னை விட்டா வேற ஆர் இருக்கினம்? உந்தப் பெட்டியில எந்தச் சீற் ஆடும், எந்தக் கதவு பிடிக்கும் எண்டு ஹார்க்கோட்டுக்குத் தெரியுமே?"

பெனிற்றா விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பினாள். மூன்று கிழமையில் திரும்பி வந்தது. இருபது வருடத் தொடர்புக்குச் சான்று இல்லையாம். பதிவேட்டின்படி எமில்டாவின் சேவைக்காலம் மூன்று வருடமும் இரண்டு மாதமும்.

நடந்தது இதுதான். இருபத்திரண்டு வருடத்தில் துப்புரவுக் கொந்தராத்து ஐந்து கம்பனிகளுக்குக் கைமாறியது. ஒவ்வொரு முறையும் எமில்டாவின் மேற்சட்டை நிறம் மாறியது. நீலம், பச்சை, செம்மஞ்சள், மறுபடியும் நீலம், இப்போது ஊதா. கம்பனி மாறினாலும் சேவைக்காலம் தொடர வேண்டும் என்பது சட்டம். சட்டம் தொடர்ந்தது. கடதாசிகள் தொடரவில்லை. கடைசிக் கம்பனியைப் பொறுத்தவரை அவள் மூன்று வருடத்துக்கு முன்பு வானத்தில் இருந்து விழுந்தவள்.

அன்று சமைத்ததைத் தொடாமல் யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. சான்று இருக்கிறது. பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

மன்னாரில் குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தரும் ஓலையைச் சிலுவையாக மடித்து வாசல் நிலையில் செருகுவார்கள். வள்ளத்தில் செருகுவார்கள். சைக்கிள் வைத்திருப்பவன் சைக்கிளில் செருகுவான். லண்டனில் எமில்டாவிடம் வள்ளமும் இல்லை, சைக்கிளும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த 2002இல் அவளுடைய பொறுப்பில் இருந்தது 3714தான். இருபத்தேழாம் இருக்கையின் மெத்தையைத் தூக்கினால் தகட்டுக்குப் பின்னால் கை நுழையும் இடைவெளி ஒன்று உண்டு. அதற்குள் ஒரு சிலுவையை வைத்தாள். எத்தனை சனம் ஏறி இறங்குகிற இடம், ஒரு ஆபத்தும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். அடுத்த வருடம் இன்னொன்று. பழைய ஓலையை விபூதிப் புதனுக்கு முன் எரிக்கக் கோயிலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டில் உள்ளதை ஒழுங்காகக் கொடுப்பாள், பெட்டியில் உள்ளதை எடுக்க மனம் வராது. 2005 ஜூலையில் சுரங்க ரயிலில் குண்டுகள் வெடித்தபோது இரண்டு நாள் வேலைக்கு வரப் பயந்தாள். மூன்றாம் நாள் வந்ததும் அவள் முதலில் செய்தது அந்த மெத்தையைத் தூக்கிப் பார்த்ததுதான். நாலு சிலுவைகளும் இருந்தன. அழுதுவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

இருபத்திரண்டு வருடம், இருபத்திரண்டு சிலுவை. எந்தக் கம்பனியும் இப்படி ஒரு வரவுப் பதிவு வைத்திருக்கவில்லை.

அடுத்த நாள் ஒருவரும் பார்க்காத நேரம் பெட்டிக்குள் ஏறி மெத்தையைத் தூக்கினாள். இடைவெளி வெறுமையாக இருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளை அட்டை: "ஆய்வுக்காக அகற்றப்பட்டது."

ஆய்வின் முடிவை அறிவிக்கும் கூட்டத்துக்கு டிப்போ ஊழியர்களையும் அழைத்திருந்தார்கள். பின்னால் சுவரோடு ஒட்டி நிற்கலாம், முடிவில் தேநீர் உண்டு. கூட்டம் மன்றத்தின் வழக்கப்படி, ஓய்வுபெற்ற ஊர்திகளுக்காக ஒரு நிமிட மௌனத்துடன் தொடங்கியது. ஓய்வுபெற்ற ஊழியர்களுக்கு மௌனம் இல்லையா என்று ஜம்புநாதன் மெல்லக் கேட்டார். அவர்களைப் பற்றி எப்போதும் மௌனம்தான் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

ஆய்வாளர் டொக்டர் வின்டல் மேடை ஏறினார். திரையில் எமில்டாவின் சிலுவைகள் ஆள் உயரத்துக்குத் தெரிந்தன.

"இவற்றை நாம் இருக்கை இருபத்தேழு வைப்புகள் என்று அழைக்கிறோம்" என்றார். "நிலத்துக்கடியில் பயணம் செய்யும் நவீன மனிதன், பாதாளத்தைக் குறித்த ஆதிப் பயத்தால், ஒருவரை ஒருவர் அறியாமலே உருவாக்கிய இரகசியச் சடங்கு இது. இந்தக் குறுக்கு வடிவம் பாதைகள் சந்திக்கும் நிலையத்தைக் குறிக்கிறது. கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு. பத்தொன்பதாவது வைப்பைக் கவனியுங்கள். ஓலையைக் கைவிட்டு மஞ்சள் பிளாஸ்டிக் பட்டிக்கு மாறியிருக்கிறார்கள். இது எண்ணெய்ப் பொருளாதாரத்துக்கு எதிரான மிகத் துணிச்சலான கண்டனம்."

அது 2020. கொரோனாவில் கோயில் பூட்டிக் கிடந்தது. ஓலை கிடைக்காமல், துடைக்கும் மருந்துப் பெட்டிகளைக் கட்டி வந்த மஞ்சள் பட்டியை வெட்டி மடித்தாள் எமில்டா. ஊரெல்லாம் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அவள் முகமூடியோடு அந்தப் பெட்டியின் கைபிடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்டனம் தெரிவிக்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

"சாரதி அறையில் ஆறு காய்ந்த பழங்கள் கிடைத்தன" என்று தொடர்ந்தார் வின்டல். "எலுமிச்சை இனம். கடற்படையில் இருந்து ஓய்வுபெற்ற சாரதிகள், பற்களில் இரத்தம் வடியும் கப்பல் நோய்க்கு அஞ்சி, பழக்கத்தை விடாமல் கொண்டு வந்திருக்கிறார்கள்."

ஜம்புநாதன் எமில்டாவின் காதருகே குனிந்தார். "அறுவான், அது நான் ஆயுதபூசைக்கு வைச்ச தேசிக்காய்."

எமில்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய கை தானாக உயர்ந்தது. ஜம்புநாதன் அதைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"விசரே உனக்கு? பதினாலாம் விதி தெரியுமெல்லே. அனுமதியில்லாமல் ரெயினுக்கை சாமான் ஒளிச்சு வைச்சா உடனை வேலையால நீக்கம். ஒரு சதமும் தராங்கள்."

அவள் மறு கையை உயர்த்தினாள். சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இது கத்தோலிக்கருடைய குருத்தோலைச் சிலுவை இல்லையா?"

மண்டபத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு ஓடியது. வின்டல் மிகுந்த கருணையோடு அவளைப் பார்த்தார்.

"நல்ல கேள்வி. ஆனால் அவ்வளவு எளிமையாகச் சொல்லிவிடக் கூடாது. அப்படிச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் நாங்கள் நான்கு மாதம் உழைத்தோம்."

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள். பெனிற்றா ஒரு பார்மசியில் வேலை செய்கிறவள், எதையும் நேராகப் பார்க்கிறவள்.

"அம்மா, ப்ளீஸ், வாயைத் திறந்திடாதீங்கோ. சொன்னா ரூல் ப்ரேக் பண்ணினதெண்டு உங்களை நீக்கிடுவாங்க."

"சொல்லாட்டி மூண்டு வருஷக்காரியாக வெளியில போகவேணும். சொன்னா இருபத்திரண்டு வருஷக்காரியாக வெளியில போகலாம். ரெண்டும் வெளியிலதானே பிள்ளை."

"சொன்னா அந்த ஜொப் கிடைக்குமெண்டு நினைக்கிறீங்களா?"

"நான் வைச்சதை நான் வைச்சனான் எண்டு சொல்லப்போறன். பிறகு அவங்கள் பாடு."

எமில்டா மறுபடியும் விண்ணப்பித்தாள். சான்று என்ற இடத்தில், நேரில் காட்டப்படும் என்று எழுதச் சொன்னாள். அந்த வசனம் மன்றத்துக்குப் பிடித்துப்போயிற்று. ஏதோ நடனம் என்று நினைத்திருக்கக் கூடும். ஏப்ரலில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் நாலு பேர். ஹார்க்கோட், வின்டல், ஆட்களை எடுக்கிற ஆளணிப் பகுதிப் பெண் ஒருத்தி, எதற்கென்று தெரியாத ஒருவர். ஊர்திகளுக்கு ஒரு நிமிட மௌனம். ஆளணிப் பெண் கைபேசியில் நேரம் பார்த்து முடித்து வைத்தாள்.

எமில்டா சொன்னாள். முதல் சிலுவை வைத்த வருடத்தைச் சொன்னாள், குண்டு வெடித்த வருடத்தைச் சொன்னாள், மஞ்சள் பட்டியைச் சொன்னாள். பிறகு கைப்பையைத் திறந்து, இரண்டு கிழமைக்கு முன் கோயிலில் வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த ஓலையை எடுத்து மடித்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நடுவில் மன்னார்ப் பக்கத்து இரட்டை முடிச்சு, காம்பு பின்னால் வளைந்து செருகிய அதே விதம். திரையில் ஆள் உயரத்துக்குத் தெரிந்தவற்றின் இருபத்துமூன்றாவது தங்கை மேசையில் கிடந்தது.

நீண்ட நேரம் ஒருவரும் பேசவில்லை. இதற்கு அவர்கள் நேரம் பார்க்கவில்லை.

"பதினான்காம் விதியை மீறியதாக ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டாள் ஆளணிப் பெண்.

"ஓம்" என்றாள் எமில்டா தமிழிலேயே. பிறகு ஆங்கிலத்திலும் சொன்னாள்.

ஹார்க்கோட் கையை உயர்த்தி அந்தப் பெண்ணை நிறுத்தினார். அவருடைய கவலை விதி அல்ல.

"அம்மா, உங்கள் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் வைப்புகளைப் பற்றிய நூல் அச்சுக்குப் போய்விட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், வண்ணப் படங்கள். வைத்தவர்கள் பலர், அறியப்படாதவர்கள் என்பதில்தான் அதன் ஆழமே இருக்கிறது. ஒரே ஆள், அதுவும் பெயரோடு, இங்கே உட்கார்ந்திருப்பது என்றால்..." அவர் சரியான சொல்லைத் தேடினார். "அது ஆழத்தைக் குறைக்கிறது."

வின்டல் சிலுவையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கணம் அவர் முகம் வெளிறியிருந்தது. அப்புறம் படித்த மனிதர் அல்லவா, சமாளித்துக்கொண்டார். "அற்புதமான போலச்செய்தல்" என்றார். "நாம் திரையில் காட்டியதைப் பார்த்து மக்கள் தாமாகக் கற்றுக்கொள்கிறார்கள். நம் வெற்றிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?"

சிலுவையை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. பெனிற்றா வாசித்தாள். எமில்டா சொன்னது நம்பத்தக்கது அல்ல என்று குழு ஏகமனதாக முடிவெடுத்துள்ளது. எனவே அவள் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படமாட்டாது. அதே காரணத்தால் வேலையும் தரப்படமாட்டாது. இரண்டு விதத்திலும் அவளுக்கு நியாயமாக நடந்துகொண்டதாக மன்றம் கருதுகிறது.

காப்பாளர் வேலைக்கு மரபுரிமையில் முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவரை எடுத்தார்கள். முதல் நாளே ஜம்புநாதனிடம் வந்து பெட்டியின் முன்பக்கம் எது என்று கேட்டாராம். அந்தக் கோடையில் ஊதாக் கம்பனி எமில்டாவை நிறுத்தியது. மூன்று வருடச் சேவைக்கு உரியதைக் கொடுத்தார்கள். அவள் வால்தம்ஸ்டோவில் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டறையில் தட்டுக் கழுவப் போனாள்.

இனிப் பெட்டியின் கதை. அது கூரையில்லாத பாதையில் நின்றது. கூரை போட ஒரு குழு அமைத்தார்கள். கூரையின் நிறம் பெட்டி ஓடத் தொடங்கிய 1972க்குப் பொருந்த வேண்டும் என்று இன்னொரு குழு சொன்னது. இரண்டு குழுவும் இரண்டு மாரி பேசின. மழை எந்தக் குழுவிலும் இல்லாததால் பெய்துகொண்டே இருந்தது. துணி படக் கூடாது என்பது கட்டளை. ஆகவே வெள்ளைக் கையுறையால் தூவிய தூசி சேறானது, சேற்றில் பாசி வந்தது, பாசிக்குக் கீழே பலகை உளுத்தது. ஒருநாள் ஆய்வுக்கு ஏறிய காப்பாளரின் கால் தரைக்குள் போயிற்று. அதன் பிறகு மன்றம் மளமளவென்று வேலை செய்தது.

"பெட்டி என்பது இரும்பு மட்டுமே" என்று ஹார்க்கோட் அறிவித்தார். "நாம் காப்பாற்ற வேண்டியது நினைவை. நினைவு துருப்பிடிக்காது, கூரையும் கேட்காது." இருபத்தேழாம் இருக்கை, வைப்புகள், ஆறு பழங்கள் ஆகியவை கண்ணாடிக்குள் வைக்கப்படும். மிச்சத்தைப் பழைய இரும்புக்காரன் எடுத்துக்கொள்ளலாம்.

லொறி வருகிற நாளை ஜம்புநாதன் சொல்லியிருந்தார். எமில்டா அரை நாள் லீவு போட்டுக்கொண்டு போனாள். பெட்டியைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. இருபத்திரண்டு வருடம் ஒரு நாள்கூட இப்படி விட்டதில்லை. கைப்பையில் இருந்த துணியை எடுத்து, கையெட்டிய ஜன்னல் ஒன்றை அழுத்தித் துடைத்தாள். பாசி வழித்துக்கொண்டு வந்து, கண்ணாடி தெரிந்தது.

"தொடாதீர்கள்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார் காப்பாளர், ஒரு காலை நொண்டியபடி. "இது பாதுகாக்கப்பட்ட பொருள்."

"இன்னும் பத்து நிமிஷத்தில இதை நசுக்கப் போறாங்கள், தம்பி" என்றார் ஜம்புநாதன் ஆங்கிலத்தில்.

"வாசலைத் தாண்டும் வரை பாதுகாக்கப்பட்டது."

எமில்டா துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள். லொறி கிளம்பியது. துடைத்த அந்த ஒரு ஜன்னல் மட்டும் வெயிலில் தெரிந்துகொண்டு போயிற்று. லொறி வாசலைத் தாண்டியதும் காப்பாளர் தம் பலகையில் நேரத்தைக் குறித்துக்கொண்டார். அவள் அழுதாள். இந்த ஆட்களுக்கு முன்னால் அழுகிறேனே என்று அதற்கும் சேர்த்து அழுதாள்.

இவ்வளவோடு விட்டிருந்தால் மன்றம் மன்றமாக இராது. அடுத்த குருத்து ஞாயிறுக்குச் சில நாள் முன்னதாக எமில்டாவுக்குத் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. நூல் நன்றாக விற்றதால் இரண்டாம் ஆய்வு தொடங்கியிருக்கிறார்கள். இருக்கை இருபத்தேழு வைப்புகள் 2023க்குப் பின் திடீரென்று நின்றுபோனதை டொக்டர் வின்டல் கண்டுபிடித்திருக்கிறார். ஏன் நின்றன என்பது பெரும் புதிர். இம்மரபில் ஆர்வம் காட்டிய பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். இருபத்துநாலு கேள்விகள், தபால்தலை ஒட்டிய பதில் உறை.

"குப்பைக்குள்ள போடுங்கோ அம்மா" என்றாள் பெனிற்றா.

"இல்லை, பேனையைத் தா."

இருபத்துமூன்றாவது கேள்வி வரைக்கும் எமில்டா ஒன்றையும் தொடவில்லை. "இம்மரபு நின்றதற்குக் காரணம் என்னவென்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார்கள். பெரிய எழுத்தில், கோட்டுக்கு வெளியே போகாமல் எழுதினாள்.

"வைத்தவளை வேலையால் நிறுத்திவிட்டீர்கள்."

கடைசிக் கேள்வி, இம்மரபோடு உங்களுக்கு எத்தனை வருடத் தொடர்பு என்பது. பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம். சான்று இணைக்கும்படி எங்கும் கேட்கவில்லை; இருக்கிறதா என்று தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தாள். அந்தக் கட்டத்துக்குள் 22 என்று எழுதினாள்.